மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது: இடம்பெயர்ந்த வீடுகளும் எச்.பி.வி. தடுப்பூசியும்

விடிகாலை ஐந்தரைக்கு வாசல் தெளித்துவிட்டு நிமிர்கிறேன், போனில் தங்கச்சி அனுப்பிய படம். சத்துவாச்சாரியில் எங்களுக்கு விடியும்போது கனடாவில் பிராம்ப்டனில் அவளுக்கு ராத்திரி எட்டு. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எனக்கு எழுதுகிற நேரம் அது. ஏழாம் வகுப்புப் படிக்கும் சின்னவளிடம் பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பிய தடுப்பூசி ஃபார்மைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று ஊசி, மூன்று கட்டம். ஹெபடைடிஸ் பி: டிக். மூளைக்காய்ச்சல் ஊசி: டிக். எச்.பி.வி. என்ற மூன்றாவது கட்டம் மட்டும் காலி.

கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, இது எதுக்குன்னே தெரியல. அவரு நெட்ல பாத்துட்டு வேணாம்ங்கறாரு. நாளைக்கு ஃபார்ம் குடுத்தாகணும். இன்னா பண்றது?"

வேலூரில் ஒரு தடுப்பூசி அறையில் இருபத்திரண்டு வருஷம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பிள்ளைகளின் அட்டையையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்த எனக்கு, கூடப் பிறந்தவளிடம் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்குப் போனில் அவளுக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் நிதானமாக, இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து பிள்ளையோடு ஊர் திரும்பியவர்களுக்கும் இது உதவும்.

எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்பது ஒரே வைரஸின் பெயர் இல்லை. ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தின் பெயர். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கையிலும் காலிலும் வருகிற சாதாரண மரு இந்தக் குடும்பத்துச் சாதுவான பிள்ளைகளின் வேலை. 6, 11 என்ற இரண்டும் பிறப்புறுப்பில் மரு வரவைக்கும். தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை. 16, 18 என்ற இரண்டும்தான் பொல்லாதவை. உலகத்தில் வருகிற கருப்பை வாய்ப் புற்றுநோயில் பத்தில் ஏழு இந்த இரண்டால் வருகிறது. 1983, 84 வாக்கில் இந்த இரண்டையும் புற்றுக்கட்டியிலிருந்தே பிரித்துக் காட்டியவர் ஹெரால்ட் சுர் ஹௌசன் என்ற ஜெர்மானியர். அதற்காக 2008இல் நோபல் பரிசு வாங்கினார். ஒரு புற்றுநோய்க்குக் காரணம் வைரஸ் என்று உறுதியானதால்தான் அதற்குத் தடுப்பூசி என்ற யோசனையே வர முடிந்தது.

இது பரவுவது தோலோடு தோல் உரசுவதால், பெரும்பாலும் உடலுறவின்போது. இந்த வாக்கியத்தைப் படித்ததும் நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். நிற்க வேண்டாம், அதற்கு அப்புறம் ஒன்று இருக்கிறது. தாம்பத்திய வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது தொற்றியிருக்கும். ஜலதோஷம் மாதிரி அவ்வளவு சகஜம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும். மீதி ஒருவரிடம் அது தங்கிவிட்டால்தான் கதை வேறு. கருப்பை வாயின் செல்களுக்குள் உட்கார்ந்து, செல் தாறுமாறாகப் பெருகாமல் தடுக்கும் இரண்டு காவல் புரதங்களைச் செயலிழக்க வைக்கும். செல்கள் மெல்ல மெல்லக் கோணலாகும். அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும்.

இருபத்தைந்து வயதில் வந்த வைரஸ் நாற்பத்தைந்து வயதில் ரத்தப்போக்காகத் தெரிகிறது. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து, பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் வந்திருக்கும். உலகப் புற்றுநோய்ப் பதிவுகளின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வருகிறது. ஏறக்குறைய 80,000 பேர் இறக்கிறார்கள். இதே குடும்பத்து வைரஸ் ஆண்களையும் விடுவதில்லை. தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களிலும் இதற்குப் பங்கு உண்டு.

பொக்கு மல்லாட்டை

ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் வடாற்காட்டுப் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். செடியைப் பிடுங்கிக் காய் ஆய்ந்த கைக்குத் தெரியும், சில காய் பொக்கு. ஓடு முழுசாக இருக்கும், மேலே வரி வரியாக அச்சு அசல் காய். அழுத்தினால் உள்ளே பருப்பு இருக்காது. விதைத்தால் முளைக்காது.

எச்.பி.வி. தடுப்பூசி அப்படி ஒரு பொக்கு. வைரஸின் மேலோட்டில் உள்ள ஒரே ஒரு புரதத்தை, ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட் மாதிரியான செல்லில் செய்ய வைக்கிறார்கள். அந்தப் புரதத் துண்டுகள் தாமே ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு வைரஸைப் போலவே உருண்டையான ஓடாகிவிடும். உள்ளே மரபுப்பொருள் கிடையாது. அதனால் தொற்ற முடியாது, பெருக முடியாது, புற்றுநோயும் வரவைக்க முடியாது. 1991இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இயன் ஃப்ரேசரும் சீனத்திலிருந்து போய் அவரோடு வேலை செய்த ஜியான் சோவும் இந்த ஓட்டைச் செய்து காட்டினார்கள். (சோவும் குடிபெயர்ந்தவர், ஃப்ரேசரும் ஸ்காட்லாந்திலிருந்து போனவர். இதை நான் தங்கச்சியிடம் சொன்னபோது சிரித்தாள்.) 2006இல் கார்டசில் என்ற பெயரில் முதல் ஊசி விற்பனைக்கு வந்தது. நம் சீரம் நிறுவனம் செய்த செர்வாவேக் 2023 ஜனவரியில் வந்தது. 6, 11, 16, 18 என்ற நான்குக்கும் எதிரானது. கார்டசில் 9 என்பது இன்னும் ஐந்து வகைகளைச் சேர்த்துக்கொண்டது, விலையும் அதற்கேற்ற மாதிரி எகிறும்.

நிஜ வைரஸ் வந்துபோனாலே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாதா என்று கேட்கலாம். அம்மைக்கு அது சரி. இந்த வைரஸ் ரத்தத்துக்குள் வருவதே இல்லை, மேல்தோலிலேயே ஒண்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடும். உடம்பு அதைச் சரியாகக் கவனிப்பதில்லை. ஊசியோ ஓட்டை நேரே தசைக்குள் கொண்டுபோய், "இதோ பார், இவன் முகம் இப்படித்தான் இருக்கும்" என்று அடையாளம் காட்டுகிறது. அதனால் நிஜத் தொற்றைவிட ஊசி தருகிற எதிர்ப்பு பல மடங்கு பலமானது.

"கொழந்தைக்கு இன்னாத்துக்குடி?"

போன் பேச்சு நடக்கும்போது எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு ஆயா. எழுபத்தெட்டு வயது, காது கூர்மை.

"பன்னெண்டு வயசுக் கொழந்தைக்கு இன்னாத்துக்குடி அந்த ஊசி? கண்ணாலத்துக்கு முன்னாடி போட்டுக்கினா போதாதா?"

கேள்வி நியாயமானது. பதில் இரண்டு. முதலாவது, இந்த ஊசி வைரஸ் வருமுன் போட்டால்தான் முழுப் பலன். வந்து உட்கார்ந்துவிட்ட வைரஸை இது கிளப்பாது. இது மருந்து இல்லை, வேலி. பாலாற்றில் தண்ணீர் வராது என்று கரையை மறந்து கிடந்தோம், 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தோம். கரையை ஆறு காய்ந்து கிடக்கும்போதுதான் கட்ட முடியும். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது: ஒன்பதிலிருந்து பதினாலு வயதுக்குள் உடம்பு இந்த ஊசியை வாங்கிக்கொள்கிற விதமே தனி. அந்த வயதில் இரண்டு டோஸுக்கு வருகிற எதிர்ப்புச் சக்தி, பெரியவர்களுக்கு மூன்று டோஸ் போட்டு வருவதற்குக் குறைவில்லை. பதினைந்தைத் தாண்டியவர்களுக்கு டோஸ் கூடுதலாக எழுதி வந்தது இதனால்தான். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பதிலிருந்து இருபது வயது வரை ஒரே டோஸும் போதுமானதாக இருக்கலாம் என்று சொன்னது. எத்தனை டோஸ் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது, அங்கங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயாவின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது, அவள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் கேட்டார்: "எங்க பொண்ணு அப்படிப்பட்ட பொண்ணு இல்லையே அண்ணி, இந்த ஊர்ப் பசங்களுக்குத் தேவைப்படலாம்." நான் உடனே பதில் சொல்லவில்லை. ஃபார்மை மறுபடி திறந்து பாருங்கள் என்றேன். முதல் கட்டத்தில் ஹெபடைடிஸ் பி. அந்த வைரஸ் ரத்தம் வழியாகப் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், உடலுறவிலும் பரவும். அதற்கு நீங்கள் யோசிக்காமல் டிக் போட்டீர்கள். வேலூரில் உங்கள் பெரியவள் பிறந்த அன்றைக்கே, இருபத்து நாலு மணி நேரம் ஆகுமுன், அவள் தொடையில் அதே ஊசி போட்டார்கள். அப்போது யாரும் அவள் ஒழுக்கத்தைப் பற்றி யோசிக்கவில்லையே.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இந்த ஊசியின் பெயரைச் சொன்னால் தாய்மார்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் அறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில், பரவும் வழியில் தொடங்கினால் பேச்சு முடிந்துபோகும். "இது புற்றுநோய் வராமல் இருக்க" என்று தொடங்கினால் பேச்சு நடக்கும். ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் இந்த நோய் வருகிறது, அவர்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தார் என்றும் சொல்ல முடியாது, கல்யாணத்துக்கு முன்பே வந்து அடங்கிக் கிடந்திருக்கலாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இதைப் பேச முடியும்.

இரண்டு ஊருக்கும் நடுவே

சின்னவள் கதை ஒரு டிக்கில் முடிந்துவிடும். எனக்கு உறைத்தது பெரியவள் கதை.

அவளுக்கு இப்போது பதினாறு. வேலூரில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் போனவள். அவள் இங்கே இருந்தவரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் இந்த ஊசி போடவில்லை. தமிழக அரசு 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாகப் போடுவதாக அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியதே 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில்தான். தனியாரில் போட்டிருக்கலாம், யாரும் சொல்லவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் சேர்த்தி. கனடா போனபோது அவள் நேராக ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். பிராம்ப்டன் இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் பள்ளிக்கூடத்தில் ஊசி போடுவது ஏழாம் வகுப்பில். இங்கே ஊசி வருமுன் கிளம்பிவிட்டாள், அங்கே ஊசி போடும் வகுப்பைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தாள். காட்பாடி ஜங்ஷனில் வண்டி மாறுகிற பயணி, ஒரு வண்டி இன்னும் வரவில்லை, இன்னொரு வண்டி போயே போய்விட்டது என்று நிற்பது மாதிரி.

இந்த ஊசி மற்ற ஊசிகளைப் போல இல்லை. கைக்குழந்தை ஊசிகளுக்கு அட்டை உண்டு, செவிலியர் வீடு தேடி வருவார், அம்மாவுக்கும் ஞாபகம் இருக்கும். பன்னிரண்டு வயதில் பிள்ளை எந்த ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. அதனால் பெரும்பாலான நாடுகள் பள்ளிக்கூட வகுப்பைப் பிடித்துக்கொண்டன. அந்த வகுப்பில் அந்த ஊரில் இல்லாத பிள்ளைக்கு ஊசியும் இல்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஆண்டு வகுப்பில், 2008 முதல் பெண்களுக்கும் 2019 முதல் ஆண் பிள்ளைகளுக்கும். ஆஸ்திரேலியாவில் ஏழாம் வகுப்பில். சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை முதலாம் வகுப்புப் பெண்களுக்கு. மலேசியாவில் 2010 முதல் 13 வயதுப் பெண்களுக்கு. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பில். அமெரிக்காவில் பள்ளிக்கூடம் போடுவதில்லை. குழந்தை மருத்துவர் பதினோரு, பன்னிரண்டு வயதில் கேட்பார், நாம் போனால்தானே கேட்பார்.

பழைய வேலூர் மாவட்டத்தில் இதைப் படிக்கிற வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். இங்கே நர்ஸிங் முடித்து இங்கிலாந்து போனவர்கள் உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வளைகுடா நாடுகளில் குடும்பத்தோடு இருந்துவிட்டு, பெண் பத்தாம் வகுப்பு வரும்போது அம்மாவும் பெண்ணும் மட்டும் ஊர் திரும்புகிற வீடுகள் உண்டு. கட்டட வேலைக்குப் பெங்களூர் போய், வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாறும் பிள்ளைகள் உண்டு. ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்கு வடக்கிலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகளும், மேல்மொணவூர் முகாமில் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடல் தாண்டினால்தான் இடம்பெயர்வு என்று இல்லை. இந்த ஊசியை வேண்டாம் என்று சொல்லி விட்டவர்களைவிட, கேட்க ஆள் இல்லாமல் விட்டுப்போனவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. பெற்றோர் ஊசி போட முடிவெடுக்க என்ன காரணம் என்று பல நாடுகளில் ஆராய்ந்தபோது, மருத்துவர் நேராக "போடுங்கள்" என்று சொன்னதுதான் முன்னால் வந்து நிற்கிறது. மொழி தெரியாத ஊரில், ஐந்து நிமிஷச் செக்கப்பில், அந்த ஒரு சொல் விழாமல் போவது சுலபம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

தங்கச்சி வீட்டுக்காரர் நெட்டில் பார்த்தது என்ன என்று கேட்டேன். ஆந்திராவில் பெண் பிள்ளைகள் செத்துப்போனார்களாமே என்றார். அதை வதந்தி என்று தள்ளிவிட முடியாது, அங்கே ஒரு நிஜம் இருக்கிறது. 2009இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு இந்த ஊசியைச் செயல்விளக்கத் திட்டமாகப் போட்டது. ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஏழு பேர் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில் சாவுகளுக்குக் காரணம் பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா என்று வந்தது. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் அசிங்கமாக இருந்தது. பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், ஆதிவாசிப் பிள்ளைகள் நிறைய பேர். 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரி. ஊசி கெட்டது அல்ல, கேட்காமல் போட்டது கெட்டது. இந்த இரண்டும் ஒன்றாகிப் போனதால் நாடு பல வருஷம் பின்தங்கியது.

வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு இதே மாதிரி இன்னொரு கசப்பு உண்டு. 2008இல் அமெரிக்கா, நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) கேட்கும் 11 முதல் 26 வயதுப் பெண்களுக்கு மட்டும் இந்த ஊசியைக் கட்டாயமாக்கியது. சொந்த நாட்டுப் பெண்களுக்குப் பரிந்துரை, வந்தவர்களுக்குக் கட்டாயம். செலவும் அவர்கள் தலையில். எதிர்ப்பு கிளம்பி, 2009 டிசம்பர் 14 முதல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். "எங்களைத்தான் எலியாக்குகிறார்கள்" என்று யாராவது சொன்னால் அதற்குள் இப்படி ஏதாவது ஒரு நினைவு இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் சொன்ன பதில் நம் ஊர்க் கதை. கம்மம் விவகாரத்தால் 2010 ஏப்ரலில் நாடு முழுவதும் இந்த ஊசி ஆராய்ச்சிகள் நின்றன. அப்போது ஒன்பது இடங்களில், இரண்டு டோஸ் போதுமா மூன்று வேண்டுமா என்று ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு இடம் நம் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள அம்பிளிக்கை. பாதியில் நின்றதால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரே ஒரு டோஸ்தான் கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் அவர்களை விட்டுவிடவில்லை. பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 வகைத் தொற்று உடம்பில் நிலைத்துத் தங்குவதை ஒரு டோஸே ஏறக்குறைய 95 சதவீதம் தடுத்திருந்தது, இரண்டும் மூன்றும் போட்டவர்களுக்குச் சமமாக. 2021இல் அந்த முடிவு வெளிவந்தது. இன்றைக்குப் பல நாடுகள் ஒரு டோஸோடு நிறுத்திக்கொள்வதற்கு முக்கியமான ஆதாரங்களில் ஒன்று அந்தப் பெண்களின் கை. அவர்கள் இன்றைக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வாழ்கிறவர்கள்.

அதனால்தான் "பிள்ளை பிறக்காது" என்ற பேச்சை நான் நீட்டுவதில்லை. 2017க்குள்ளேயே உலகம் முழுவதும் 27 கோடி டோஸுக்கு மேல் போடப்பட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு அதைப் பரிசீலித்தது; மலட்டுத்தன்மைக்கு ஆதாரம் இல்லை. பலன்? இங்கிலாந்தில் 12-13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடையே இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் கணக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் அதே வயதில் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024இல் சொன்னார்கள்.

சின்னச் சின்னத் தொல்லைகள் மட்டும் நிஜம். கைவலி, லேசான காய்ச்சல், தலைவலி வரும். அந்த வயதுப் பிள்ளைகளில் சிலர் எந்த ஊசியைப் பார்த்தாலும் மயங்கி விழுவார்கள், ஒருத்தி விழுந்தால் வரிசையில் இன்னும் இரண்டு பேர் விழுவார்கள். வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள், ஊசி போட்டு பதினைந்து நிமிஷம் உட்கார வையுங்கள். ஈஸ்டுக்கோ முந்தைய டோஸுக்கோ கடுமையான அலர்ஜி வந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தள்ளிப் போடுவார்கள்.

பெட்டிக்குள் ஊசி வராது

அறையில் இருந்தபோது கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று: "சிஸ்டர், இங்க சீப்பா கெடைக்குது, ரெண்டாவது டோஸ வாங்கி ஐஸ்ல வெச்சி எடுத்துக்கினு போலாமா?" வேலூரிலிருந்து மாத்திரையும் லேகியமும் போகிற மாதிரி இது போகாது. தடுப்பூசி 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது தெரியாது. ஐஸோடு ஒட்டி வைத்தால் அதில் உள்ள அலுமினியத் துகள் கட்டிப்போய்விடும். பார்க்க நல்ல ஊசி மாதிரியே இருக்கும், வேலை செய்யாது. முதல் டோஸை இங்கே போட்டால் அடுத்ததை அங்கே போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் வழி.

அப்படிப் போடும்போது எடுத்துப் போக வேண்டியது ஒரு தாள். ஊசியின் பெயர், போட்ட தேதி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்), போட்ட இடத்தின் முத்திரை. தேதி இல்லாத தாளை வெளிநாட்டு நர்ஸ் ஏற்க மாட்டார், "போட்டோம் மேடம்" என்ற வாய்ச்சொல்லையும் ஏற்க மாட்டார். செர்வாவேக் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்காமல் இருக்கலாம். அதனால் எந்தெந்த வகைக்கு எதிரானது என்பதையும் எழுதி வாங்குங்கள். இடைவெளி நீண்டுவிட்டது, இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றால் பயப்பட வேண்டாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். அவசரப்பட்டுச் சீக்கிரம் போடுவதுதான் தப்பு; இரண்டு டோஸ் திட்டத்தில் வழக்கமான இடைவெளி ஆறு மாதம்.

வயது தாண்டிய பிள்ளைக்கும் கதவு முழுக்க மூடுவதில்லை. ஒன்டாரியோவில் பள்ளிப் படிப்பு முடியும்வரை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், இங்கிலாந்தில் 25ஆவது பிறந்தநாள் வரை. அமெரிக்காவில் காப்பீடு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு 18 வயது முடியும்வரை அரசுத் திட்டத்தில் தடுப்பூசி கிடைக்கும். ஊரிலேயே இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தனியாரில் போடுவதாக இருந்தால், செர்வாவேக் வந்த புதிதில் ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில் இருந்தது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே பதினாறு வயதுக்குக் கீழே இருந்தாலும், விஷயம் புரிந்து முடிவெடுக்கும் பக்குவம் பிள்ளைக்கு இருப்பதாக நர்ஸுக்குத் தோன்றினால் பிள்ளையின் சம்மதமே போதும். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது, பள்ளிக்கூடத்தில் போய்த் தெரிந்துகொண்டு வருமுன்.

ஊசி போட்டாலும் பிற்பாடு கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை விட்டுப்போகக் கூடாது, எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை. இதைச் சொல்லும்போதுதான் தங்கச்சியிடம் கேட்டேன், "நீ பண்ணிக்கினியா?" நாற்பத்தொரு வயது. வீட்டுக்கு இரண்டு தடவை கடிதம் வந்ததாம், குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தத்தில் மாட்டி வைத்திருக்கிறாளாம். நம் ஊரிலும் இதே நிலைதான்: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுத் தமிழ்நாட்டுப் பெண்களில் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுக்க 1.9. நாம்தான் நாட்டில் முதலிடம், பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. அந்தத் தாய்மார்கள்தான் விமானம் ஏறி வெளிநாடு போகிறார்கள், பரிசோதனை என்ற பழக்கத்தை யாரும் பெட்டியில் வைத்து அனுப்புவதில்லை.

மறுநாள் அதே ஐந்தரை மணிக்கு இரண்டாவது படம் வந்தது. மூன்று கட்டத்திலும் டிக். கீழே அவர் கையெழுத்து. பெரியவளுக்காகக் குடும்ப மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்று, அதே நாளில் தங்கச்சிக்கும். பின்னாலேயே சின்னவளின் குரல் பதிவு:

"பெரியம்மா, வலிக்குமா?"

"வலிக்கும்டி, ரெண்டு நாளைக்கு. எந்தக் கையில எழுதுவியோ அத விட்டுட்டு இன்னொரு கையில போடச் சொல்லு. காலையில இட்லி சாப்ட்டுட்டுப் போ."